மறுமொழி: அஞ்சல் செயலியில் ‘ஐடென்டிட்டி’ – ‘விடுமுகவரி’ பொருந்துமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

தண்டர்பேர்ட் என்ற மின்னஞ்சல் செயலியைத் தமிழாக்கும்போது, அதில் வரும் ‘ஐடென்டிட்டி’க்கு (Identity) ‘விடுமுகவரி’ என்ற சொல்லை முன்வைத்திருந்தேன். அது வேண்டாம், ‘அடையாளம்’ என்றே வைத்துவிடலாம், எல்லோருக்கும் தெரிந்த சொல்தானே என்று பலர் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தெரிந்த சொல் என்பது உண்மை. ஆனால் அது வேறு பொருளில் தெரிந்த சொல். கணக்கு அமைப்புகளுக்குள் போய், ‘அடையாளங்களை நிர்வகி’ என்ற பொத்தானைப் பார்ப்பவருக்கு அடையாள அட்டை நினைவுக்கு வரும், இல்லையென்றால் அஞ்சலுக்குக் குறி போட்டு வைப்பது நினைவுக்கு வரும். பதில் எந்த முகவரியிலிருந்து போகிறது என்பதை மாற்றும் இடம் அதுதான் என்று ஒருவருக்கும் தோன்றாது.

அந்தப் பொத்தானுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதை முதலில் பார்ப்போம். அனுப்புகிறவரின் பெயர், மின்னஞ்சல் முகவரி, பதில் வந்து சேர வேண்டிய முகவரி, நிறுவனம், கையொப்பம், அஞ்சல் எந்த வழங்கி (சர்வர்) வழியாக வெளியே போக வேண்டும், நகல் எந்த அடைவில் (ஃபோல்டர்) சேர வேண்டும் என்ற விவரங்கள். இவை சேர்ந்த ஒரு தொகுப்புதான் ‘ஐடென்டிட்டி’. ஒரே கணக்கின்கீழ் இப்படி எத்தனை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். அதனால்தான் ‘கணக்கு’ என்ற சொல்லையும் இதற்குப் பயன்படுத்த முடியாது. கணக்கு என்பது அஞ்சல் வந்து சேரும் பெட்டி. நாம் பெயர் தேடுவது அஞ்சல் புறப்படும் பக்கத்துக்கு.

ஒரு பள்ளி ஆசிரியரை எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய சொந்த முகவரிக்கு வரும் அஞ்சலும், மாணவர் சேர்க்கைக்காகப் பள்ளி வைத்திருக்கும் பொது முகவரிக்கு வரும் அஞ்சலும் ஒரே செயலியில் வந்து விழுகின்றன. ஒரு பெற்றோர் பொது முகவரிக்கு எழுதுகிறார். ஆசிரியர் ‘பதில்’ பொத்தானை அழுத்துகிறார். எழுதும் சாளரத்தின் முதல் வரியில் எந்த முகவரி நிற்கிறது என்று அவர் பார்ப்பதில்லை. நம்மில் யாரும் பார்ப்பதில்லை. பதில் சொந்த முகவரியிலிருந்து போய்விடுகிறது. அன்றிலிருந்து அந்தப் பெற்றோர் எழுதுவதெல்லாம் சொந்தப் பெட்டிக்கே வரும். ஆசிரியர் விடுப்பில் போனால் அலுவலகத்தில் வேறு யாருக்கும் அது கண்ணில் படாது. மின்னஞ்சல் குழுமங்களில் இதே தவறு வேறு வடிவில் வரும்: பதிவு செய்யாத முகவரியிலிருந்து பதில் போட்டால், மடல்களை அனுமதிக்கும் மட்டுறுத்துநர் பார்க்கும்வரை மடல் பெரும்பாலும் நிறுத்திவைக்கப்படும். எழுதியவரோ குழுவில் யாரும் தன்னைப் பொருட்படுத்தவில்லை என்று வருந்திக்கொண்டிருப்பார்.

செயலி தன்னால் ஆனதைச் செய்யத்தான் செய்கிறது. வந்த அஞ்சலின் பெறுநர் வரியையும் நகல் வரியையும் நம் முகவரிகளோடு ஒப்பிட்டு, பொருந்துவதைத் தேர்ந்தெடுக்கிறது. மறைநகலாக (பிசிசி) வந்த அஞ்சலிலும் குழும அஞ்சலிலும் அந்த வரிகளில் நம் முகவரியே இருக்காது. அப்போதுதான் பெரும்பாலும் தடுமாற்றம். ஜிமெயிலில், இயல்பு முகவரியிலிருந்தே எப்போதும் பதில் அனுப்பு, அஞ்சல் எந்த முகவரிக்கு வந்ததோ அதிலிருந்தே அனுப்பு என்று இரண்டு தெரிவுகள் இருக்கின்றன. மட் (Mutt) என்ற அஞ்சல் செயலியில் ‘ரிவர்ஸ் நேம்’ என்றொரு அமைப்பு இதே வேலையைச் செய்கிறது. ஆகவே இந்த நடத்தைக்கும் தமிழில் ஒரு தொடர் வேண்டும். ‘பெற்ற முகவரியிலிருந்தே பதில்’ என்பது என் பரிந்துரை. நீளம்தான், ஆனால் படித்தவுடன் விளங்கும்.

இனி நம் சொல்லுக்கு வருகிறேன். ஒருவர் இப்படிக் கேட்டிருந்தார்:

> ‘அனுப்புநர்’ ஏற்கெனவே வழக்கில் இருக்கிறதே, ‘அனுப்புநர் விவரம்’ என்றால் போதாதா?

போதாது. மின்னஞ்சலின் வடிவத்தை வரையறுக்கும் ஆர்எஃப்சி 5322 (2008) என்ற ஆவணம் ‘ஃப்ரம்’ (From), ‘சென்டர்’ (Sender) என்று இரண்டு தனித்தனி வரிகளை வைத்திருக்கிறது. அது தரும் எடுத்துக்காட்டு, அதிகாரிக்காகச் செயலாளர் அனுப்பும் அஞ்சல்: ‘ஃப்ரம்’ வரியில் எழுதிய அதிகாரி, ‘சென்டர்’ வரியில் அனுப்பிவைத்த செயலாளர். இரண்டையும் ‘அனுப்புநர்’ என்று எழுதினால் வேறுபாடு தமிழில் காணாமல் போகும். நம் பள்ளிக்கூடக் கடிதங்களில் ‘அனுப்புநர்’ என்றும் ‘விடுநர்’ என்றும் இரண்டு சொற்கள் காலங்காலமாகப் புழங்கி வருகின்றன. ‘அனுப்புநர்’ என்பதை ‘சென்டர்’ வரிக்கும் ‘விடுநர்’ என்பதை ‘ஃப்ரம்’ வரிக்கும் கொடுக்கலாம். கையில் இரண்டு சொற்கள் இருக்கும்போது ஒன்றை வீணாக்குவானேன்?

அந்த வழியில் பிறந்ததுதான் ‘விடுமுகவரி’. ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகை; நேற்று விட்டது, இன்று விடுவது, நாளை விடப்போவது மூன்றும் இதில் அடங்கும். அஞ்சல் வந்து சேரும் முகவரிக்குப் ‘பெறுமுகவரி’ என்ற இணைச்சொல் தானாகவே கிடைக்கிறது. ஒரே பெட்டியில் வந்து விழும்படி வழங்கியில் வைக்கும் ‘ஏலியாஸ்’ முகவரிக்கு ‘மாற்றுமுகவரி’ என்றால் வரிசை நிறைவாகும்.

முகவரி மட்டும்தானா, பெயரும் கையொப்பமும் எங்கே போயின என்று கேட்கலாம். தபால் உறையின்மேல் முகவரி எழுதுங்கள் என்றால் தமிழர் யாரும் தெருப்பெயரில் தொடங்குவதில்லை. ஆளின் பெயரில்தான் தொடங்குகிறோம். முகவரிக்குள் பெயர் அடக்கம். கையொப்பம் அதோடு ஒட்டி வருவது.

‘விடு’ என்றால் கைவிடு என்று பொருள்படாதா, பதிவிலிருந்து விலகுவதைக் குறிக்கும் ‘விடுபதிகை’யில் (அன்சப்ஸ்கிரைப்) அப்படித்தானே இருக்கிறது என்பது இதுவரை வந்தவற்றில் வலுவான மறுப்பு. என் பதில்: அமைச்சர் அறிக்கை விடுத்தார், கட்சி அழைப்பு விடுத்தது, சங்கம் வேண்டுகோள் விடுத்தது என்று நாளிதழ் நாள்தோறும் எழுதுகிறது. யாரும் அறிக்கையைக் கைவிட்டதாகப் படிப்பதில்லை. தூது இலக்கியங்களின் பெயரிலேயே ‘விடு தூது’ என்று வருகிறது. செய்தி ஒருவரிடமிருந்து புறப்பட்டு இன்னொருவரிடம் போவதற்குத் தமிழில் ‘விடு’ பழைய வினை.

‘முகம்’ என்று சுருக்கமாக வைக்கலாம் என்றவருக்கு ஒரு சொல். ஒருவருக்கு இரண்டு முகம் என்று சொன்னால் அது தமிழில் வசை. ‘புனைபெயர்’ பொருந்தாது, பள்ளியின் முகவரி யாருடைய புனைவும் அல்ல.

இடநெருக்கடியையும் கவனித்தேன். ‘விடுமுகவரி’ ஆறே எழுத்து. ‘விடுமுகவரியைச் சேர்’, ‘விடுமுகவரியை நீக்கு’, ‘இயல்பு விடுமுகவரி’ எல்லாம் தடங்கலின்றி வருகின்றன. பொத்தானில் ‘விடுமுகவரிகள்…’ என்றிருந்தால் போதும், ‘நிர்வகி’ தேவையில்லை.

வெளிச்செல்லும் வழங்கியைத் தேர்ந்தெடுக்கும் வரிக்கு ‘இந்த விடுமுகவரிக்கான வழங்கி’ என்று வைக்க வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருக்கிறேன். விடுமுகவரியை மாற்றிவிட்டு வழங்கியை மாற்றாமல் விட்டால், ஒரு களப்பெயரின் (டொமைன்) அஞ்சல் அதற்குத் தொடர்பில்லாத வழங்கி வழியாகப் போகும். அந்தக் களப்பெயருக்காக அஞ்சல் அனுப்ப வழங்கிக்கு அனுமதி உண்டா என்று பார்க்கும் எஸ்பிஎஃப் சோதனையில் தோற்று, எரிதப் (ஸ்பேம்) பெட்டியில் போய் விழக்கூடும். இரண்டும் இணைந்தவை என்பதைத் திரையில் இருக்கும் சொல்லே சொல்லிவிட வேண்டும்.

‘ஃப்ரம்’ வரியை ‘விடுநர்’ என்று மாற்றுவதைத் தனி இழையில் பேசுவோம். அதற்குப் பழைய மொழிபெயர்ப்புகளையும் திருத்த வேண்டியிருக்கும். இந்தச் சொல்லுக்கு வாக்களிக்கும் முன் ஓர் உதவி செய்யுங்கள். ‘பதிலுக்கான விடுமுகவரியைத் தேர்ந்தெடு’ என்ற வரியை, தமிழ் இடைமுகத்தைப் பார்த்தே இராத ஒருவரிடம் காட்டி, இதை அழுத்தினால் என்ன நடக்கும் என்று கேளுங்கள். அவர் சொன்ன பதிலை அப்படியே இங்கே எழுதுங்கள்.

அன்புடன்.