மட்டுக் குறி (| |) எப்போது வேண்டும்? மகளுக்குச் சொல்லித்தர உதவுங்கள்

கணக்கு ஆசிரியர்கள் யாராவது இருந்தால் கைகொடுங்கள். ஒன்பதாம் வகுப்பு மகளுக்கு வர்க்கமூலப் பெருக்கல் சொல்லித்தர உட்கார்ந்து, இரண்டு நாளாக நானே மாட்டிக்கொண்டிருக்கிறேன். (மாறியை ‘அ’ என்றே எழுதுகிறேன், கைபேசியில் எழுத்து மாற்றி மாற்றித் தட்ட எனக்குப் பொறுமை இல்லை.)

√(6அ) × √(10அ). உள்ளே இருப்பவற்றைப் பெருக்கினால் √(60அ²). 60 என்பது 4 × 15, ஆகவே 2அ√15. விடைப் பக்கத்திலும் அதுதான்.

அடுத்த கணக்கு, √(60அ²)-ஐச் சுருக்கச் சொல்கிறது. விடையோ 2|அ|√15! “ஒரே கணக்குக்கு எப்படியப்பா இரண்டு விடை?” என்கிறாள். அ = −5 என்று போட்டுப் பார்த்தேன். √25 என்பது 5, −5 அல்ல; மட்டுக் குறி அதற்காகத்தான். முதல் கணக்கில் −5 போட்டால் √(−30) வந்து, மெய்யெண்களில் கணக்கே நின்றுவிடுகிறது. அங்கே அ குறை எண்ணாக இருக்க முடியாது என்பதால் குறியை விட்டிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். சரிதானா? அப்படியானால் √(3அ²) × √(5அ⁴) என்பது |அ|³√15 தானே?

இன்னொன்று, √அ × ∛அ. ஆறாம் மூலத்துக்குள் அ² என்று எழுதிவிட்டாள். 64-ஐப் போட்டுக் காட்டினேன்: 8 × 4 = 32, அவள் விடைப்படி 4. தவறு என்று ஒப்புக்கொண்டாள். ஆனால் உள்ளே ஏன் அ⁵ வருகிறது என்று கேட்கிறாள். 1/2 + 1/3 = 5/6 என்றால் விழிக்கிறாள்; பின்ன அடுக்குகளை வகுப்பில் இன்னும் நடத்தவில்லை. அவை இல்லாமல் இதை விளக்க வழி உண்டா? வெள்ளிக்கிழமை தேர்வு.