‘நீடமர்வு’, ‘இடையெழல்’: அலுவலக நலக் கையேட்டுக்கு இரண்டு சொற்கள்

இயன்முறை மருத்துவர், பாளையங்கோட்டை:

அண்ணாச்சிக்கு வணக்கம். அலுவலக நலக் கையேட்டு வரைவில், நீண்ட நேரம் உட்கார்ந்தே இருப்பதை ‘உடலுழைப்பின்மை’ என்று போட்டிருக்கிறீர்கள். அது வேறு பொருள். வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சிகூட இல்லாதவரை அப்படிச் சொல்லலாம். காலையில் வ.உ.சி. மைதானத்தில் ஒரு மணி நேரம் வேகமாக நடப்பவர், பத்து மணிக்கு ஆபீசில் உட்கார்ந்தால் சாப்பாட்டு நேரம் வரை எழுவதில்லை. அவரை எந்தச் சொல்லுக்குள் அடக்குவது? அத்தனை நேரமும் அவருடைய தொடையும் கெண்டைக்காலும் வேலையே செய்யவில்லை. கெண்டைக்கால் தசை அழுத்தி மேலே ஏற்றவேண்டிய ரத்தம் காலிலேயே தேங்குகிறது. தசை உள்ளிழுத்துக்கொள்ளும் சர்க்கரையும் குறைகிறது.

ஆங்கிலத்தில் ‘sedentary behaviour’ எனப்படும் இந்தப் பழக்கத்துக்கு 2017இல் ஆய்வாளர்கள் உடன்பட்ட வரையறை இது: விழித்திருக்கும்போது உட்கார்ந்தோ சாய்ந்தோ படுத்தோ, 1.5 மெட்டுக்கு மிகாமல் ஆற்றல் செலவிடுவது. சும்மா உட்கார்ந்திருக்கச் செலவாகும் ஆற்றல் 1 மெட். அசையாமல் நிற்பதற்கும் ஏறக்குறைய 1.3தான் ஆகும், ஆனாலும் நிற்பது இந்த வரையறைக்குள் வராது. அதனால் சொல்லில் உடலின் நிலை தெரியவேண்டும். நவதிருப்பதிக் கோயில்களில் பெருமாளை நின்ற, இருந்த (அமர்ந்த), கிடந்த கோலம் என்று பிரித்துச் சொல்லும் ஊர் நம்முடையது. ‘இருப்பு’ என்றே வைக்கலாம். ஆனால் ஆபீசில் அது சரக்குப் பதிவேட்டைத்தான் நினைவூட்டும். உட்கார்ந்தபடியே நீளும் நேரத்துக்கு ‘நீடமர்வு’ என்று வைக்கலாமா?

கையேட்டுத் தொகுப்பாளர், வண்ணார்பேட்டை:

டாக்டரம்மா, ‘தொடர் அமர்வு’ என்றால் நீதிமன்றமோ கருத்தரங்கோ என்று நினைப்பார்கள். ‘நீடமர்வு’ ஒரே சொல்லாக நிற்பதால் அந்தக் குழப்பம் இல்லை, எனக்குச் சம்மதம். ‘நாற்காலி வாழ்வு’ என்று குழுவில் வந்த யோசனையை நான் ஏற்கவில்லை. மேலப்பாளையத்திலும் முக்கூடலிலும் சுளகை மடியில் வைத்துத் தரையில் உட்கார்ந்து பீடி சுற்றும் பெண்களை அது வெளியே தள்ளிவிடும். கையேடு ஆபீசுக்கானதுதான், ஆனால் சொல் ஊருக்கானது.

அடுத்தது ‘இடைவேளை’. அதை அப்படியே விடலாமா?

இயன்முறை மருத்துவர்:

விடக்கூடாது அண்ணாச்சி. இடைவேளை என்றால் டீக்கடைக்குப் போய் அங்கே பெஞ்சில் உட்கார்வார்கள். இடம் மாறியது, நீடமர்வு தொடர்கிறது. எழுவதுதான் முக்கியம், எனவே ‘இடையெழல்’. ஆஸ்திரேலியாவில் 2012இல் வெளியான ஒரு சோதனையில், 20 நிமிடத்துக்கு ஒருமுறை 2 நிமிடம் மெல்ல நடந்தவர்களுக்கே சாப்பாட்டுக்குப் பின் சர்க்கரை ஏறுவது குறைந்தது. கையேட்டில் ‘அரை மணிக்கு ஒரு இடையெழல், குறைந்தது 2 நிமிட நடை’ என்று எழுதினால் ஆபீசில் நடைமுறைக்கு ஒத்துவரும்.

செல்போன் அலாரத்தை மட்டும் நம்பச் சொல்லாதீர்கள். கோப்பின் நடுவில் அடித்தால் கை தானாக அதை அணைத்துவிடும். வேலையின் முடிவோடு இடையெழலைக் கட்டவேண்டும்: ஒரு கோப்பு முடிந்ததும் அதை எழுந்துபோய்க் கொடுப்பது, போன் வந்தால் எழுந்து நடந்தபடி பேசுவது. தண்ணீர் கேனையும் பிரிண்டரையும் அறையின் அடுத்த கோடியில் வையுங்கள். மேசையில் பெரிய பாட்டில் இருந்தால் இதில் பாதி வீணாகும்.

உயரம் கூட்டும் மேசை வாங்கும் ஆபீசுகளுக்குத் தனிக் குறிப்பு வேண்டும். நிற்கும்போது விசைப்பலகை முழங்கை உயரத்திலும் திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்திலும் இருக்கவேண்டும். மடிக்கணினியில் இரண்டும் சேர்ந்து அமையாது. மேசையை மட்டும் உயர்த்தினால் கழுத்து குனிந்தே இருக்கும். தனி விசைப்பலகை வாங்கிக்கொண்டு மடிக்கணினிக்கு அடியில் பெட்டி வைக்கலாம். முதல் வாரம் ஒரு தடவைக்கு 15 நிமிடம் நின்றால் போதும். நாள் முழுக்க நிற்பதும் கேடு: இடுப்பு வலிக்கும், கால் நரம்பு புடைக்கும். ஜவுளிக்கடை உட்படக் கடைகள், நிறுவனங்களின் ஊழியர்களுக்கு உட்கார இருக்கை வேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டில் சட்டம் திருத்தப்பட்டது அதனால்தான். நாள் முழுக்க நிற்கும் கடை ஊழியர்கள் பாடு ‘நீள்நிற்றல்’. அதற்கும் ஒரு பதிவு சேர்த்துவிடுங்கள்.

பணம் வாங்கும் கவுண்டரில் இருப்பவரால் நினைத்தபோது எழமுடியாது. மாற்று ஆளை நியமிப்பது மேலாளர் பொறுப்பு என்று கையேட்டில் வெளிப்படையாக எழுதவேண்டும். இல்லையென்றால் பழி ஊழியர் தலையில் விழும்.

கையேட்டுத் தொகுப்பாளர்:

எழுதிவிடுகிறேன். பதிவு இப்படிப் போகிறது: ‘நீடமர்வு – விழித்த நிலையில் 30 நிமிடத்துக்கு மேல் எழாமல் நாற்காலியிலோ தரையிலோ அமர்ந்திருத்தல். இடையெழல் – நீடமர்வை முறித்து எழுந்து நடத்தல். இடம் மாறி அமர்வது இதில் சேராது.’ 30 நிமிடம் என்பது கையேட்டு வசதிக்கு நாம் வைத்த எல்லை. உலக சுகாதார நிறுவனம் 2020 வழிகாட்டலில் அப்படி ஓர் எண் கொடுக்கவில்லை என்பதையும் அடியில் போடுகிறேன்.