‘ரேம்ப்’ என்பதற்குத் ‘திரியேற்றம்’: கைவிளக்கு நிலைபொருள் கையேட்டுக்கு ஒரு பரிந்துரை

அனைவருக்கும் வணக்கம்.

அன்டூரில் கைவிளக்கு நிலைபொருளின் தமிழ்க் கையேட்டில், பொத்தானைப் பிடித்து வெளிச்சத்தைக் கூட்டிக் குறைப்பதைக் குறிக்கும் ‘ரேம்ப்’ (ramp) என்பதற்குச் ‘சாய்தளம்’ என்றே வைத்துவிடலாம் என்ற இடத்தில் நம் குழுவின் இந்த உரையாடல் இழை நிற்கிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ‘திரியேற்றம்’ என்ற சொல்லை முன்வைக்கிறேன்.

குழுவில் எல்லோரும் டார்ச்சைக் கழற்றிப் பார்ப்பவர்கள் இல்லை என்பதால் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அன்டூரில் என்பது கைவிளக்குகளுக்கான திறமூல நிலைபொருள், அதாவது விளக்கின் சில்லுக்குள்ளேயே பதிந்து அதை இயக்கும் நிரல் (firmware); அதன் மூல நிரலை யாரும் பார்க்கலாம், மாற்றலாம். சி மொழியில் எழுதப்பட்டது, ஜிபிஎல் 3 உரிமம் (மாற்றிக் கொடுப்பவர் மூல நிரலையும் தர வேண்டும் என்று கேட்பது). விளக்கின் தலைக்குள் இருக்கும் ஏடிடைனி (ATtiny) வகைச் சிறு கட்டுப்பாட்டுச் சில்லில் ஓடும். ஏடிடைனி85 என்றால் நிரலுக்கு மொத்த இடமே 8 கிலோபைட்டு, ஏடிடைனி1634 என்றால் 16. இருப்பது ஒரே ஒரு பொத்தான். விளக்கு எரியும்போது அதை அமுக்கிப் பிடித்தால் வெளிச்சம் மெல்ல மெல்லக் கூடும். விட்டுவிட்டு உடனே மறுபடி பிடித்தால் குறையும். விரலை எடுத்த இடத்தில் நின்றுகொள்ளும். இதற்குத்தான் ரேம்ப் என்று பெயர்.

சாய்தளம் என்றதும் நமக்கு ஆஸ்பத்திரி வாசலில் சக்கர நாற்காலி ஏறும் பாதைதான் நினைவுக்கு வரும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் இந்த ரேம்ப் சாய்வாகவே இல்லை. அன்டூரிலில் இது 150 நிலைகள் கொண்ட ஓர் அட்டவணை. மின்சாரத்தைச் சம அளவில் கூட்டிக்கொண்டே போனால், தொடக்கத்தில் வெளிச்சம் குபுக்கென்று ஏறி, மேலே போகப்போக ஏறுவதே தெரியாது. நம் கண் அப்படி. அதனால் அட்டவணையை வளைத்துப் போடுகிறார்கள். முப்படி (கன) வளைவாகப் போட்டால் நடுநிலையில், அதாவது 75-இல், விளக்கு கக்கும் வெளிச்சம் உச்சத்தில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்குதான். கண்ணுக்கோ பாதி போலத் தெரியும். அடியில் கிடையாகத் தவழ்ந்து கடைசியில் செங்குத்தாக எழும் ஒன்றைச் சாய்தளம் என்று எழுதிவிட்டு, அட்டவணையைத் திருத்தும் அத்தியாயத்தில் ‘இந்தச் சாய்தளம் சாய்வானது அல்ல’ என்று விளக்கிக்கொண்டிருக்க வேண்டும்.

‘ஏற்ற இறக்கம்’ என்று இன்னொரு நண்பர் எழுதியிருந்தார். பேசிப் பழகிய சொல்தான். ஆனால் ‘வெளிச்சத்தில் ஏற்ற இறக்கம் இருக்கிறது’ என்று ஒருவர் சொன்னால் நான் ஸ்பிரிங்கையும் மூடியின் மரையையும் துடைக்கத்தான் போவேன். அது கோளாறின் பெயர்.

‘தூண்டல்’ எனக்கு மிகவும் பிடித்திருந்தது. விளக்கைத் தூண்டுவது, தூண்டுகோல், தூண்டாவிளக்கு என்று எவ்வளவு அழகான குடும்பம். சிக்கல் என்னவென்றால், மின்னழுத்தத்தை ஏற்றியிறக்கி எல்.இ.டி.க்கு மின்சாரம் தரும் டிரைவர் பலகைகளில் சில்லுக்குப் பக்கத்திலேயே மின்தூண்டி (inductor) உட்கார்ந்திருக்கிறது. ஒரே பக்கத்தில் ‘தூண்டல் வேகம்’ என்றும் ‘தூண்டியின் மதிப்பு’ என்றும் வந்தால் படிப்பவர் தடுமாறுவார்.

இந்தக் கையேட்டை யார் கையில் கொடுக்கப்போகிறோம் என்பதையும் யோசிக்க வேண்டும். மதுரையைச் சுற்றி மல்லிகை பறிப்பவர்கள் இருட்டோடு தோட்டத்துக்குள் இறங்குகிறார்கள். மொட்டு விரிவதற்குள் பறித்து மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் சேர்த்தாக வேண்டும். இரண்டு கையும் செடிக்குள் இருக்கும், விளக்கு நெற்றியில். வெளிச்சம் அதிகமானால் வெள்ளை மொட்டு கண்ணைக் கூசும், எதிர் வரிசையில் நிற்பவருக்கு அதைவிட மோசம். இவர்களுக்காக மாற்றும் விளக்குகளில் மேல்வரம்பை நன்றாகக் குறைத்துவிடுகிறேன். மின்னல், மெழுகுவத்தி, பார்ட்டி வகைப் பயன்முறைகளை, நிரலைத் தொகுக்கும்போதே (compile) நீக்கிவிடுகிறேன். மிஞ்சுவது அணைப்பது, ஏற்றுவது, இறக்குவது, பேட்டரி அளவு பார்ப்பது, அவ்வளவுதான். மூல நிரல் கிடைக்கும் முகவரியும் விளக்கோடு போகிறது. உரிமம் அதைக் கேட்கிறது, கேட்காவிட்டாலும் கொடுக்கத்தான் வேண்டும். சந்தேகம் வந்தால் போனில்தான் கேட்பார்கள். அப்போது வாயில் வருகிற சொல் தாளிலும் இருக்க வேண்டும்.

அரிக்கேன் விளக்கை ‘திரியை ஏத்து’, ‘திரியை இறக்கு’ என்றுதான் சொல்லிவந்தோம். பக்கத்துத் திருகை விரலால் மெல்லத் திருக, சுடர் வளரும். போதும் என்ற இடத்தில் விட்டுவிடுவோம். பொத்தானைப் பிடித்திருக்கும் விரல் செய்வதும் இதேதான். திரியேற்றம், திரியிறக்கம் என்றால் பெயர்ச்சொல் கிடைக்கிறது. திரியேற்று, திரியிறக்கு என்றால் வினையும் கிடைக்கிறது. சீராகக் கூடுவது ‘தொடர் திரியேற்றம்’, படிப்படியாகத் தாவுவது ‘படித் திரியேற்றம்’. எல்லா வசதிகளும் திறந்திருக்கும் மேம்பட்ட முறையில் (Advanced UI), எரியும்போது மூன்று முறை தட்டினால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் என்று சுருக்கமாக எழுதிவிடலாம். உச்ச வெளிச்சத்தைக் குறிக்கும் டர்போவை அப்படியே விட்டுவிடுவோம், அது எல்லோருக்கும் தெரிந்த சொல்.

எல்.இ.டி.யில் திரி எங்கே இருக்கிறது என்று கேட்கலாம். தீயே இல்லாத விளக்கை நாம் அணைக்கத்தானே செய்கிறோம்? எங்கள் பக்கம் ‘லைட்டை அமத்து’ என்போம். கையேட்டில் ‘அணை’ என்றே எழுதச் சொல்வேன், ஏனென்றால் ‘அமுக்கி அமத்தவும்’ என்று போனில் சொன்னால் யாருக்கும் விளங்காது. ‘கூட்டு, குறை’ என்பவை செயல்முறை வரிகளில் தாராளமாக வரட்டும்; ஆனால் ‘கூட்டல் அட்டவணை’ என்று தலைப்பு வைத்தால் அது கணக்குப் புத்தகம் ஆகிவிடும்.

ஓர் எச்சரிக்கை. 150 நிலைகளையும் ‘திரிநிலை’ என்று எழுத வேண்டாம். வினைத்தொகையாகப் பிரித்தால் திரிந்த நிலை என்று ஆகிவிடும், பால் திரிந்ததைப் போல. ‘திரியளவு’ என்று வைத்தால் ‘திரியளவு 1 முதல் 150 வரை’ என்று தெளிவாக நிற்கும். இணையத்தில் உரையாடல் இழையையும் சிலர் திரி என்கிறார்கள். ‘ஏற்றம்’ ஒட்டிக்கொண்டு வருவதால் குழப்பம் வராது என்று நினைக்கிறேன்.

ஏறுவதையும் இறங்குவதையும் சேர்த்துச் சொல்ல ஒரு பொதுச்சொல் இன்னும் தேவைப்படுகிறது. ஏழாவது தட்டில் அமுக்கிப் பிடித்தால் திறக்கும் அமைப்புப் பட்டியலுக்கு அதுதான் தலைப்பாக வர வேண்டும். கீழ்வரம்பு, மேல்வரம்பு, படிகளின் எண்ணிக்கை எல்லாம் அதற்குள்தான் வருகின்றன. ‘திரி நகர்வு’ என்று எழுதிப் பார்த்தேன், மனம் ஒப்பவில்லை. ‘திரியேற்ற அமைப்பு’ என்று ஏற்றத்தையே பொதுப்பெயராகக் கொள்ளலாமா, வேறு சொல் தோன்றுகிறதா? மற்ற அத்தியாயங்களைத் திரியேற்றம், திரியளவு என்று மாற்றி அனுப்புகிறேன். இந்தத் தலைப்பை மட்டும் காலியாக வைத்திருக்கிறேன்.