'நோ இயர்' ஒதுக்கீடு: தமிழில் என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம்.

அமெரிக்காவில் 2025 அக்டோபர் 1 முதல் 43 நாள் அரசு முடங்கிக் கிடந்தது அல்லவா? அப்படிப்பட்ட நேரத்தில் பேரிடர் நிவாரணத்துக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்று ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். 'நோ இயர் அப்ராப்ரியேஷன்' என்ற இடத்தில் மாட்டிக்கொண்டேன். 'ஆண்டில்லா ஒதுக்கீடு' என்று போட்டுப் பார்த்தேன், எனக்கே புரியவில்லை. 'நிரந்தர நிதி' சரியாக இருக்குமா?

*

தம்பி,

> 'நிரந்தர நிதி' சரியாக இருக்குமா?

வேண்டாம். அப்படிச் சொன்னால், முதலைத் தொடாமல் வட்டியில் விளக்கேற்றும் கோயில் கட்டளைதான் நினைவுக்கு வரும். இது செலவழிக்கவே வைத்த பணம். செலவழிக்கக் கெடுத் தேதி கிடையாது, அவ்வளவே.

அமெரிக்க நிதியாண்டு அக்டோபர் 1-ல் தொடங்குகிறது. பெரும்பாலான துறைகளுக்கு அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸ் ஆண்டுதோறும் ஒதுக்கும் பணம் செப்டம்பர் 30 நள்ளிரவோடு சரி. நம் அலுவலகங்களில் மார்ச் கடைசி வாரம் 'ஃபண்டு லாப்ஸ் ஆகிடும்' என்று ஓடுவார்களே, அதே கதை. புது ஒதுக்கீடு வராமல் செலவு செய்யச் சட்டம் விடாது. ஆனாலும் முன்பெல்லாம் எப்படியோ ஓட்டிக்கொண்டிருந்தார்கள். 1980-ல் அட்டர்னி ஜெனரல் பெஞ்சமின் சிவிலெட்டி அந்தச் சட்டத்துக்குக் கறாராகப் பொருள் சொன்ன பிறகுதான் அலுவலகங்களைப் பூட்டும் வழக்கம் வந்தது.

அமெரிக்க அரசின் பேரிடர் மேலாண்மை அமைப்பான ஃபெமாவின் பேரிடர் நிவாரண நிதி இந்தத் தேதிக் கணக்கில் வராது. அதற்குக் கொடுக்கும் பணம் 'செலவாகித் தீரும்வரை' செல்லும் என்று சட்டத்திலேயே எழுதிவிடுகிறார்கள். போன வருடம் மிஞ்சியதை இந்த வருடமும் எடுக்கலாம். 2018 டிசம்பரில் தொடங்கி 35 நாள் நீடித்த முடக்கத்தில், ஃபெமா அடங்கிய உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைக்கே ஒதுக்கீடு இல்லை. ஆனால் இந்த நிதியில் கிடந்த பணத்தை எடுக்கத் தடையில்லை. ஃபெமா ஊழியர்களில் ஒரு பகுதியினருக்குச் சம்பளமும் இதிலிருந்துதான்.

ஆகவே என் பரிந்துரை 'தீரும்வரை நிதி'.

'காலாவதியாகா நிதி' என்று ஒருவர் தனிமடலில் எழுதியிருந்தார். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் பாதிதான் சொல்கிறது. மருந்து காலாவதியாகாது என்பதால் புட்டி காலியாகாமல் இருக்குமா? 2023 ஆகஸ்டில் ஹவாயின் மாவித் தீவில் தீ, மாதக் கடைசியில் ஃபுளோரிடாவை நோக்கி இடாலியா புயல். கையிருப்பு கரைந்துபோனதால் ஆகஸ்ட் 29 அன்று ஃபெமா நீண்டகால மறுகட்டுமானப் பணிகளுக்குப் பணம் விடுவதை நிறுத்தி, உயிர்காக்கும் வேலைகளுக்கு மட்டும் என்று கையை இறுக்கிக்கொண்டது. அப்போது முடக்கமே இல்லை! செப்டம்பர் 30 அன்று, முடக்கம் தொடங்கச் சில மணி நேரமே இருந்தபோது நிறைவேறிய இடைக்கால ஒதுக்கீட்டுச் சட்டத்தில் 1,600 கோடி டாலர் வந்த பிறகே பிடி தளர்ந்தது. கெடு இல்லாத பணமும் வற்றும் என்பது சொல்லுக்குள்ளேயே தெரிய வேண்டும்.

அப்புறம் ஓர் எச்சரிக்கை. கையை இறுக்கிக்கொண்ட அந்த நிலைக்கு அவர்கள் வைத்த பெயர் 'இமீடியட் நீட்ஸ் ஃபண்டிங்'. 'உடனடித் தேவை நிதி' என்று மொழிபெயர்த்தால் ஏதோ புதிய நிதி வந்துவிட்டதாகப் படிப்பவர் நினைப்பார். வந்தது ஒரு காசும் இல்லை, இருப்பதை எதற்கு விடலாம் என்ற கட்டுப்பாடுதான் அது. 'அவசரச் செலவுக் கட்டு' என்று வைத்துக்கொள்ளலாம்.

*

ஐயா, சிறு மறுப்பு.

'தீரும்வரை நிதி' இலக்கணப்படி இடிக்கிறதே? 'தீரும்வரை' வினையை அல்லவா எதிர்பார்க்கிறது? 'தீரும்வரையிலான நிதி' என்றாவது இருக்க வேண்டாமா? இடைக்கால ஒதுக்கீட்டுக்கும் நம் சட்டமன்றத்தின் 'முன்பண மானியக் கோரிக்கை' கைவசம் இருக்கிறதே.

*

அம்மா,

'சாகும்வரை உண்ணாவிரதம்' என்று சுவரொட்டியில் எத்தனை முறை படித்திருக்கிறோம்? அதில் இடிக்காதது இதில் ஏன் இடிக்க வேண்டும்? 'வரையிலான' சேர்த்தால் கோப்பு வாசம் அடிக்கும்.

முன்பண மானியம் பொருந்தாது. அது வரும் மாதங்களின் செலவுக்கென்று அரசு தன் மதிப்பீட்டை வைத்து அவையில் கேட்டுப் பெறுவது. அமெரிக்காவின் இடைக்காலச் சட்டம் பெரும்பாலும் போன வருட அளவிலேயே வண்டியை ஓட்டச் சொல்வது.

*

ஐயா, அம்மா, இருவருக்கும் நன்றி. 'தீரும்வரை நிதி' என்றே எழுதிவிடுகிறேன். இன்னொன்று பாக்கி. அந்த இடைக்காலச் சட்டங்களில், நிவாரண நிதிக்கு மட்டும் தேவைக்கேற்ப வேகமாகப் பணம் எடுக்கலாம் என்று ஒரு வரி சேர்ப்பதுண்டு. அதை 'அனாமலி' என்கிறார்கள். 'விலக்கு வரி' என்று எழுதினேன். படித்துப் பார்த்த நண்பர், எந்த வரிக்கு விலக்கு என்று கேட்கிறார்.