தேரி மணலில் காய்கறிப் பாத்தி: ரூ.1,500-க்குள் என்ன செய்யலாம்?

உடன்குடி_கொல்லை:
வீட்டுப் பின்னாடி முழுக்கத் தேரிச் செம்மணல். 10 அடிக்கு 4 அடியில் மூணு பாத்தி. ஊத்துற தண்ணி நிமிஷத்தில் இறங்கிடுது. பாத்திக்கு ரெண்டு மூட்டை தொழுவுரம் போட்டும் ஆறு மாசத்தில் பழையபடி வெறும் மணல். கத்தரி, தக்காளி மதியம் வாடி, காலையில் தெளியுது. தென்னை நார்க்கழிவுக் கட்டி வாங்கட்டுமா? 1,500-க்கு மேல் முடியாது.

வண்டல்_அண்ணாச்சி:
தொழுவுரத்தில் குறை இல்லை. நம்ம வெயிலுக்கு அது சீக்கிரம் மக்கிக் கரைஞ்சிடும். பிடிச்சு வைக்கக் களிமண் இல்லாத மணலில் சத்தும் தண்ணியோட இறங்கிடும். காசை முதல்ல குளத்து வண்டலுக்குப் போடுங்க. ஒரு தடவை கலந்தா வருஷக்கணக்கா நிக்கும்.

ஒரு அங்குல கனத்துக்குப் பரப்ப, பாத்திக்கு ரெண்டரை சிமெண்ட் மூட்டை, மூணுக்கும் எட்டு. குளத்தில் நீங்களா வெட்டக் கூடாது, அனுமதி வேணும். அனுமதி வாங்கி வயலுக்கு அடிக்கிறவங்க யாராவது இருந்தா கேளுங்க, குட்டியானை (சின்னச் சரக்கு வண்டி) வாடகைதான் பெரிய செலவு. உப்பளம், இறால் பண்ணைப் பக்கத்து மண் இலவசமா வந்தாலும் வேண்டாம். காய்ஞ்சதும் மேலே வெள்ளையா உப்பு பூக்குதான்னு பாருங்க.

வண்டலை நல்லாக் காயவச்சு, கட்டையால் தட்டி, மணல் சல்லடையில் சலிக்கணும். இதைத்தான் எல்லாரும் விட்டுடுறாங்க; கட்டியாப் போட்டா மணலுக்குள்ள கல்லு மாதிரி கிடக்கும், கலக்காது. மேலே ஒன்றரை அங்குலம் மக்கிய உரம் பரப்பி, அரையடி ஆழத்துக்கு ரெண்டு தடவை கொத்திப் புரட்டுங்க. அடியில் களியைத் தகடா விரிச்சுட்டு மேலே மணல் போடுற வேலை வேண்டாம், வேர் அழுகும்.

ஈரமண்ணைப் பிடிச்சுப் பாருங்க. உருண்டை நின்னு, விரலால் தட்டினா உடையணும். நாடா மாதிரி நீண்டா களி அதிகம்.

வேர்_பார்த்தவன்:
மதியம் வாடுறது தண்ணியால மட்டும்னு முடிவு பண்ணாதீங்க. ரொம்ப வாடுற ஒரு தக்காளியைத் தோண்டி எடுத்து வேரைக் கழுவுங்க. வேரே வீங்கி முடிச்சு முடிச்சா இருந்தா நூற்புழு, வேருக்குள்ள இருக்கிற கண்ணுக்குத் தெரியாத புழு. மணல்பாங்கான மண்ணில் அதுக்குக் கொண்டாட்டம். (பயறுச் செடி வேர்முடிச்சு வேற. அது ஒட்டிக்கிட்டிருக்கும், நகத்தால் கழண்டு வரும், உள்ளே இளஞ்சிவப்பு.)

நார்க்கழிவை இப்ப வாங்காதீங்க. தண்ணியைப் பிடிக்கும், ஆனா கழுவாததில் உப்பு இருக்கும். மக்காதது மண்ணிலிருக்கிற தழைச்சத்தை இழுத்துச் செடியை மஞ்சளாக்கும். நாத்துத் தட்டுக்குப் போதும்.

உடன்குடி_கொல்லை:
ஒரு பாத்தியில் தோண்டினேன், முடிச்சு இருக்கு அண்ணே. மத்த ரெண்டில் வேர் சுத்தம்.

வேர்_பார்த்தவன்:
அப்ப அந்தப் பாத்தி மண்வெட்டியைக் கழுவாம மத்ததில் இறக்காதீங்க. செடிகளை வேரோட எடுத்து எரிச்சுடுங்க, உரக்குழியில் போட்டா திரும்ப வந்துடும். அங்க ஒரு போகம் தக்காளி, கத்தரி, வெண்டை கிடையாது. வண்டல் கலந்ததும் 25 கிராம் சணப்பு நெருக்கமா விதைங்க. நூற்புழு அதில் பெருகாது, தழையுரமும் ஆச்சு. சுமார் 45 நாளில் மொட்டு விடுறப்போ வெட்டி, நறுக்கி, கொத்திவிடணும். தள்ளிப்போனா தண்டு நாராகி மக்க நாளாகும். 15 நாள் கழிச்சு நடலாம், குழிக்கு ஒரு பிடி வேப்பம்புண்ணாக்கு.

வண்டல்_அண்ணாச்சி:
தழையுரத்துக்குச் சணப்புக்குப் பதிலா தக்கைப்பூண்டு விதை கைக்குக் கிடைச்சாலும் வாங்காதீங்க, அது களி கலந்த மண்ணுக்குத்தான் ஏத்தது. மண்ணை மூடி ஈரம் காக்கிற மூடாக்குக்குப் பனையோலை உங்க ஊரில் சும்மாவே கிடைக்குமே! நறுக்கி ரெண்டு அங்குலம் போடுங்க, தண்டை விட்டு நாலு விரல் தள்ளி. ஒட்டிப் போட்டா கறையான் ஏறும். தண்ணியைக் காலையும் மாலையும் பாதிப் பாதியா ஊத்துங்க. தொழுவுரம் மட்டும் ஒவ்வொரு போகத்துக்கும் ஒரு மூட்டை.