கரை தொடாமல் கடலிலேயே கழியும் நாளை எப்படிப் பயன்படுத்துவது?

கோத்தகிரி வாசகி:
வணக்கம். வரும் பிப்ரவரியில் சென்னைத் துறைமுகத்திலிருந்து புறப்பட்டு இலங்கை சென்று திரும்பும் சொகுசுக் கப்பல் ஒன்றில் குடும்பத்தோடு செல்லலாம் என்று பிள்ளைகள் முடிவு செய்திருக்கிறார்கள். பயண நிரலில் ஒரு நாள் முழுவதும் எந்தக் கரையையும் தொடாமல் கடலிலேயே கழிகிறது. அன்றைக்கு என்னதான் செய்வது, காசு கொடுத்து அறைக்குள் அடைந்து கிடப்பதா என்று என் கணவர் கேட்கிறார். எழுபது வயதைக் கடந்த என் மாமியாரும் உடன் வருகிறார். மேட்டுப்பாளையம் இறங்குவதற்குள் வண்டியை ஓரங்கட்டச் சொல்பவர் அவர். அனுபவமுள்ளவர்கள் வழி சொன்னால் உதவியாக இருக்கும்.

குன்னூர் நண்பர்:
சகோதரி, என்னைக் கேட்டால் நீங்கள் கொடுக்கும் காசுக்கு உரிய பலன் அந்த ஒரு நாளில்தான் இருக்கிறது என்பேன். கரையில் இறங்கும் நாட்களில் பேருந்து, வரிசை, வழிகாட்டியின் அவசரம் என்று ஊட்டி சீசன் நெரிசலையே வேறோர் ஊரில் பட்டுவிட்டு வருகிறோம். கடலில் கழியும் நாளில் நம்மை யாரும் எங்கும் அழைத்துப் போவதில்லை.

முதல் நாள் இரவே நிகழ்ச்சி நிரல் கைக்கு வந்துவிடும். அதில் உள்ள எல்லாவற்றுக்கும் ஓடினால் மாலைக்குள் களைத்துவிடுவீர்கள். பிடித்த இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுங்கள். விடிவதற்கு முன்பே எழுந்து மேல்தளத்துக்குச் செல்லுங்கள். நம் ஊரில் முகட்டைத் தாண்டிச் சூரியன் தலைகாட்டும்போது வெளிச்சம் பரவி வெகுநேரம் ஆகியிருக்கும். வங்கக்கடலில் அது தண்ணீரிலிருந்தே எழுவதைப் பார்க்கலாம். சிற்றுண்டிக்குப் பிறகு நீச்சல் குளத்தருகே உள்ள சாய்வு நாற்காலிகளைத் துண்டு போட்டுப் பிடித்துவிடுவார்கள் (பேருந்தில் கைக்குட்டை போடும் நம் மக்கள் அங்கும் அதையே செய்கிறார்கள்). அதற்குப் போட்டியிட வேண்டாம். கீழே, கப்பலின் பக்கவாட்டில், நிழல் விழும் நடைத்தளத்தில் நின்று கப்பல் கிழிக்கும் நுரையைப் பார்த்துக்கொண்டிருந்தால் பறவைக்கோலா மீன்கள் திடீரென்று எழும்பும். வாலின் கீழ்மடலால் நீர்ப்பரப்பைப் படபடவென்று தட்டி வேகமெடுத்து, விரித்த துடுப்புகளோடு சறுக்கிப் போய் விழும்.

மாமியாரைப் பற்றி: உட்காது உணரும் அசைவும் கண் காணும் காட்சியும் ஒத்துப்போகாததால்தான் மலைப்பாதையிலும் கப்பலிலும் குமட்டுகிறது. ஆனாலும் கொண்டை ஊசி வளைவில் வரும் வெட்டு பெரிய கப்பலில் இல்லை. அதன் அசைவு மெதுவானது. பல கப்பல்களில் நீர்மட்டத்துக்குக் கீழே இருபுறமும் பொருத்தியிருக்கும் துடுப்புகள் பக்கவாட்டு ஆட்டத்தைக் குறைக்கும். முன்னும் பின்னும் ஏறி இறங்கும் அசைவை அவற்றால் அவ்வளவாக அடக்க முடியாது. ஆகவே கப்பலின் நடுப்பகுதியில், கூடுமானவரை கீழ்த்தளத்தில் அறை கேளுங்கள். பிப்ரவரியில் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வங்கக்கடல் பொதுவாக அமைதியாக இருக்கும் என்பதும் உங்களுக்குச் சாதகம்.

கொடைக்கானல் நண்பர்:
எல்லோருக்கும் இது ஒத்துவரும் என்று சொல்ல முடியாது. அலுவலகப் பழக்கத்தில் ஒரு மணி நேரம்கூடச் சும்மா இருக்கத் தெரியாதவர்களுக்கு அந்த நாள் நீளமாகத்தான் இருக்கும். மேலும் நாம் குளிருக்குப் பழகியவர்கள். கடற்காற்று வீசும்போது வெயில் உறைப்பது தெரியாது. மாலையில் கண்ணாடியைப் பார்க்கும்போதுதான் முகம் கன்றிப்போயிருப்பது தெரியும். நண்பகலில் உள்ளே இருங்கள்.

கைப்பேசியை ஏரோபிளேன் மோடில் போட்டுவிடுவது கட்டாயம். கரையை விட்டு விலகியதும் கப்பலின் சாட்டிலைட் கோபுரத்தோடு அது தானாக இணைந்துவிட்டால், வழக்கமான ரோமிங் திட்டத்தில் அடங்காத பெரிய கட்டணம் வந்து சேரும்.

அருவங்காடு, ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்:
உங்கள் கணவருக்கு ஒரு வேலை தருகிறேன். துருவமுனைவுக் கண்ணாடி, அதாவது கடைகளில் போலரைஸ்டு என்று விற்கும் குளிர்கண்ணாடி ஒன்றை எடுத்து வரச் சொல்லுங்கள். 1921ஆம் ஆண்டு ஆக்ஸ்ஃபோர்டு சென்றுவிட்டு நர்குண்டா என்ற கப்பலில் திரும்பிய சர் சி.வி. ராமன், மத்தியதரைக் கடலின் நீலத்தைக் கண்டு, அது வானத்தின் பிரதிபலிப்புதான் என்ற அக்காலக் கருத்தை ஐயுற்றார். நிக்கோல் பட்டகம் என்ற, அந்தக் கண்ணாடியைப் போலவே ஒளியை வடிகட்டும் படிகம் ஒன்றின் வழியாகப் பார்த்து மேற்பரப்பின் பிரதிபலிப்பை நீக்கியபோதும் நீலம் மறையவில்லை. இன்னும் அழுத்தமாகத் தெரிந்தது. நீர் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிப்பதே காரணம் என்று அவர் எழுதினார். சிவப்பு ஒளியை நீர் உறிஞ்சிக்கொள்வதும் அந்த நீலத்துக்குப் பெரும் காரணம். 1930ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றுத் தந்த ஆய்வுப் பாதை அங்கேதான் தொடங்கியது. அலையில்லாத நேரத்தில் நீரைச் சாய்வாகப் பார்த்தபடி கண்ணாடியை மெல்லச் சுழற்றினால் பளபளப்பு அணைந்து உள்நிறம் வெளிப்படுவதை அவரே காண்பார்.

இன்னொன்று. கடலில் கண் முடிவில்லாமல் எட்டும் என்று நினைக்கிறோம். நீர்மட்டத்திலிருந்து 30 மீட்டர் உயரத்தில் நின்றால் அடிவானம் சுமார் 20 கிலோமீட்டர் தூரத்தில்தான் இருக்கிறது. 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டாவிலிருந்து தெளிவான நாளில் நாம் பார்ப்பது இதைவிடப் பல மடங்கு தூரம்.

கோத்தகிரி வாசகி:
அனைவருக்கும் நன்றி. கணவர் கண்ணாடி வாங்கக் குன்னூர் போவதாகச் சொல்கிறார். ஸ்வெட்டர் தேவைப்படுமா? மாமியாருக்கு மாத்திரை கொடுக்கலாமா?

குன்னூர் நண்பர்:
ஸ்வெட்டர் அவசியம் வேண்டும். உணவுக்கூடத்திலும் அரங்கிலும் ஏசி நம் டிசம்பர் மாதத்தை நினைவூட்டும். குமட்டலுக்கான மாத்திரைகள் பலவும் தூக்கத்தைத் தரக்கூடியவை. கண்ணழுத்த நோய் உள்ள முதியவர்களுக்குச் சில ஒத்துக்கொள்ளாது. மருத்துவரிடம் கேட்டு வாங்கி, அசைவு தொடங்குவதற்கு முன்பே கொடுங்கள். மருந்துகளைப் பெரிய பெட்டியில் வைக்காமல் கைப்பையில் வைத்திருங்கள். துறைமுகத்தில் ஒப்படைக்கும் பெட்டி அறைக்கு வந்து சேரச் சில மணி நேரம் ஆகலாம்.