மலாயா அப்பாயி: ஜான்சி ராணிப் படையில் இருந்தவர்

ஐ.என்.ஏ. எனும் இந்திய தேசிய ராணுவம் என்றதும் நேதாஜி, பெண்கள் படைக்குத் தலைமை தாங்கிய கேப்டன் லட்சுமி, அதோடு நம் பேச்சு முடிந்துவிடுகிறது. அந்த ராணுவத்தின் பெண்கள் படையான ஜான்சி ராணி ரெஜிமெண்டில் இருந்தவர்களில் பலர் மலாயா ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளைகள். அவர்களில் ஒருவர் நீடாமங்கலம் பக்கம் எங்கள் தெருவில்தான் வாழ்ந்தார். என் அப்பாயிக்கு ஒன்றுவிட்ட தங்கை. ஊருக்கே அவர் மலாயா அப்பாயி.

அவருடைய அப்பா, தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணி பேச்சைக் கேட்டு, நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கு போய் ரப்பர் பால்வெட்டுக்குச் சேர்ந்தவர். 1941 டிசம்பரில் ஜப்பான்காரன் மலாயாவில் இறங்கினான். அப்புறம் அரிசி கண்ணில் படவில்லை, மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்குதான். ஜப்பான்காரன் போட்ட சயாம்-பர்மா ரயில் பாதைக்கு ஆள் பிடித்தபோது அப்பாவையும் கொண்டுபோனார்கள். அவர் திரும்பவே இல்லை. 1943 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூர் வந்தார், அக்டோபரில் பெண்களுக்குப் பயிற்சி முகாம் தொடங்கியது. அப்பாயி சேரும்போது வயது பதினாறு.

ஏன் சேர்ந்தீங்க என்று கேட்டால், “அங்க போனா சோறு கிடைக்கும்னாங்க, அப்புறம் அவரு பேசுனதக் கேட்டேன், அழுகையா வந்துச்சு” என்று இரண்டையும் சேர்த்தேதான் சொல்வார். மேடையில் பேசுகிறவர்கள் முதல் பாதியை வெட்டிவிடுவார்கள். எனக்கு அந்த முதல் பாதி ரொம்ப முக்கியம். பசியோடு வந்த பிள்ளைதான் கடைசிவரை நின்றது.

துப்பாக்கிப் பயிற்சி எடுத்தாலும் அவருக்குக் கிடைத்தது நர்ஸ் வேலை. 1944-ல் பர்மாவில் மேமியோ ஆஸ்பத்திரி. மணிப்பூர் பக்கம் பிரிட்டிஷ் படையோடு நடந்த இம்பால் சண்டையிலிருந்து வந்தவர்களில் குண்டடி பட்டவர்களைவிட மலேரியாவிலும் வயிற்றுக்கடுப்பிலும் எலும்பாகி வந்தவர்களே அதிகம் என்பார். கட்டுத்துணிக்குப் பஞ்சம். ரத்தமும் சீழுமாக அவிழ்த்ததையே துவைத்து, கொதிக்கவைத்து, காயவைத்துச் சுருட்டி மறுபடி கட்ட வேண்டும்.

அந்தக் கை மறக்கவில்லை. ஒரு குறுவை அறுப்பில் கருக்கரிவாள் என் சித்தப்பா கணுக்காலைப் பதம் பார்த்துவிட்டது. எல்லாரும் கத்துகிறோம். அப்பாயி பழைய வேட்டியை நீளவாக்கில் கிழித்து, இறுக்கிச் சுருட்டி, குதிகாலுக்குக் கீழே விட்டு மேலே குறுக்காக ஏற்றி மாற்றி மாற்றிக் கட்டினார். பெருவிரல் நகத்தை அழுத்தி விட்டு, ரத்தம் திரும்ப ஓடுகிறதா என்று பார்த்தார். தையல் போட்ட டாக்டர், கட்டினது யார் என்று விசாரித்தார்.

1945 ஏப்ரலில் ரங்கூனிலிருந்து பின்வாங்கியபோது, விமானத்துக்குப் பயந்து ராத்திரியில் நடந்தார்கள். சிட்டாங் ஆற்றைக் கடந்து பாங்காக் போகிறவரை நேதாஜியும் கூட வந்தாராம். ஊர் திரும்பியபின் நடவு, களையெடுப்பு, நாலு பிள்ளைகள்.

தியாகி பென்ஷனுக்கு எழுதிப்போட்டோம். ஜெயிலில் இருந்ததற்குச் சான்று கொடு, இல்லாவிட்டால் கூட இருந்தவர் யாரிடமாவது எழுதி வாங்கி வா என்றார்கள். ஜெயிலுக்கே போகாதவர் எங்கே போவார்? கூட இருந்தவர்கள் எல்லாம் மலாயாவில். நாலைந்து தடவை அலைந்துவிட்டு, “போதும்பா, விடு” என்றார். இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை. அவரைப் போல் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள்.

மன்னார்குடிக்காரர்: அண்ணே, எங்கம்மா பிறந்த ஊர் உங்க ஊர்தான். 1952 புயலுக்கு அப்புறம் தெருவில் வாந்திபேதி வந்துவிடும் என்று பயந்து, நெல் அவிக்கிற அண்டாவில் தண்ணீர் காய்ச்சி வீட்டுக்கு வீடு ஊற்றச் சொன்னது மலாயா அப்பாயிதான் என்று அம்மா சொல்லும். காய்ச்சாத தண்ணியைக் குடிக்கப்போன பிள்ளைகளை அடித்தே விரட்டுவாராம். இது எங்கே படித்தது என்று அப்போது யாருக்கும் தெரியாது. இப்போதுதான் எனக்கே தெரிகிறது.

திருத்துறைப்பூண்டி பேரன்: படிக்கப் படிக்க உடம்பு சிலிர்த்துவிட்டது. எங்கள் அம்மாயியும் அதே படைதான், மேமியோதான். 2002-ல் கேப்டன் லட்சுமி ஜனாதிபதி தேர்தலில் அப்துல் கலாமை எதிர்த்து நின்றபோது, டிவியில் அவர் முகம் வந்ததும் அம்மாயி எழுந்து நின்று “எங்க கேப்டன்டா” என்று சல்யூட் வைத்தார். வீட்டில் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை, அன்று ராத்திரிதான் முழுக் கதையும் சொன்னார். கட்டுத்துணி கொதிக்கவைத்த கதையும் அதில் உண்டு. கூட ஒரு நீடாமங்கலத்துப் பொண்ணு இருந்துச்சு, நல்லாப் பாடும் என்றும் சொன்னார்.

முதலில் எழுதியவன்: தம்பி, எங்கள் அப்பாயி பாடுவார். நடவு வயலில் அவர் குரல்தான் முன்னால் போகும். மன்னார்குடியில் ஒரு பஸ் மாறினால் உங்கள் ஊர். அத்தனை வருஷம் இருவரும் இங்கேயே இருந்திருக்கிறார்கள், ஒருவருக்கொருவர் பென்ஷனுக்குச் சான்று எழுதிக் கொடுத்திருக்கலாம். அம்மாயி அன்று ராத்திரி சொன்னதை மறப்பதற்குள் அப்படியே எழுதி அனுப்புங்கள். உங்கள் நம்பரைத் தனியாகப் போடுங்கள், இந்த வாரமே கிளம்பி வருகிறேன்.